சாவி இருக்கிறது, பூட்டு தெரியவில்லை!

"தம்பி, இந்தச் சாவி எந்தப் பூட்டுக்குங்க?"

கேட்டவர், கோவை ஆலையொன்றின் நூற்புப் பிரிவிலே முப்பத்தைந்து ஆண்டு நின்று உழைத்தவர். எந்திரத்தின் ஓசை மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாராம். இன்று தன் வீட்டு வாசலிலே நின்று, தெருவிலே போகிற என்னைக் கேட்கிறார்! மனைவி மறைந்துவிட்டார். மகன் வெளியூரில். வீட்டிலே அவரும் சுவருந்தான்.

சுவர் என்றேனே, அதைப் பார்க்கவேண்டும் தோழர்களே! கரிக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார்: 'அடுப்பை அணை.' 'மாத்திரை, காலையில் ஒன்று.' 'கதவைப் பூட்டு.' ஊருக்குத் தெரியாமல், தனக்குத்தானே காவல்!

"ஏன் ஐயா, எங்களிடம் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொன்னா கிறுக்குன்னு சொல்லிப்போடுவாங்க தம்பி."

கேட்டீர்களா? வேலைநிறுத்தத்திலே தடியடிக்கு அஞ்சாதவர், ஒரு சொல்லுக்கு அஞ்சுகிறார்! சொல்லென்ன அவ்வளவு அற்பமா? ஜப்பானிலே இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயரில் மடமை என்ற பொருள் இருந்தது. அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ள எவர் மருத்துவரிடம் வருவார்? 2004-ல் அரசே அச்சொல்லைத் தள்ளிவிட்டு, அறிதலில் ஏற்படும் கோளாறு என்று பொருள்படும் சொல்லை வைத்தது. மறு ஆண்டே கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி தொடங்கிற்று. வழி தெரியாமல் நிற்கும் முதியவரிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சி! பயின்றோர் ஒரு கோடியைத் தாண்டிவிட்டனர்.

இங்கே? இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் என்று மதிப்பிட்டது, 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. அவர்களில் தனியே வாழ்பவர் பாடு இன்னும் கொடிது. மறதி முற்றினால், உதவி கேட்கவேண்டும் என்பதே மறந்துபோகும். "ஏதோ மாறியிருக்கிறதே" என்று கவனித்துச் சொல்ல வீட்டிலே ஆளும் கிடையாது.

இன்னொன்று. மறதியெல்லாம் மூளைத் தேய்வு அல்ல. தைராய்டுக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, ஒத்துக்கொள்ளாத மாத்திரை, இவற்றாலும் அறிவு மங்கும். கண்டுபிடித்தால் மருந்துண்டு. 'வயசாச்சு, அப்படித்தான்' என்று தள்ளிவிட்டாலோ, தீரக்கூடியதும் தீராது! மீளாத நோயென்றே வைத்துக்கொள்வோம். ஓய்வூதியக் கணக்கை யார் பார்ப்பது, யாரோடு இருப்பது என்று, தெளிவு இருக்கும்போதே அவரே முடிவு செய்யலாமல்லவா?

முதியோருக்கென்று 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டை மறந்தவர் எண்ணை நினைவில் வைத்திருப்பாரா? அதை அழுத்தவேண்டியது அடுத்த வீட்டுக்காரனாகிய என் விரல்!

மகனுக்குச் சொல்லியாயிற்று. பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே சிவப்புச் சாயம் பூசியாயிற்று. சங்கத் தோழர்கள் இருவர் முறைவைத்து மாலையில் எட்டிப்பார்க்கிறார்கள். திங்களன்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் போனபோது சுவரிலே புதிதாக ஒரு வரி:

'திங்கள். தம்பி வருவான். சட்டை போட்டு இரு.'