திருத்தணி குருகுஹ விபக்திக் கிருதிகள்

திருத்தணி குருகுஹ விபக்திக் கிருதிகள் என்பன கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருத்தணி முருகப்பெருமான் மீது வடமொழியில் இயற்றிய எட்டுப் பாடல்களாகும். இவற்றுள் முதலாவதான "ஸ்ரீநாதாதி குருகுஹோ" தீட்சிதரின் முதல் கிருதியாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

திருத்தணி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்த மலைக்கோயில் நகரம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. எல்லைச் சீரமைப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தீட்சிதர் காசியிலிருந்து திரும்பிய பின் இம்மலைக்கு வந்தார் என்றும், முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டார் என்றும், உடனே அவர் பாடத் தொடங்கினார் என்றும் மரபுவழிக் கதை கூறுகிறது. "குருகுஹ" என்பது அவரது பாடல்களில் வரும் முத்திரையாயிற்று.

பாடல்களின் அமைப்பு

விபக்தி என்பது வேற்றுமை. முருகனைக் குறிக்கும் சொல் ஒவ்வொரு பாடலிலும் ஒவ்வொரு வேற்றுமையில் வருகிறது. முதற்பாடலில் எழுவாயாகவும், எட்டாம் பாடலில் விளியாகவும் அமைகிறது.

1. ஸ்ரீநாதாதி குருகுஹோ – மாயாமாளவகௌளை
2. மானஸ குருகுஹ – ஆனந்தபைரவி
3. ஸ்ரீ குருணா பாலிதோஸ்மி – பாடி
4. குருகுஹாய – சாமா
5. குருகுஹாதன்யம் – பலஹம்சா
6. ஸ்ரீ குருகுஹஸ்ய – பூர்வி
7. குருகுஹ ஸ்வாமினி – பானுமதி
8. ஸ்ரீ குருகுஹ தாரயாஶுமாம் – தேவக்கிரியா

இன்று இசை பயிலத் தொடங்குவோர் சரளி வரிசையைப் பாடுவதும் மாயாமாளவகௌளை இராகத்திலேயே. முதற்பாடலின் வரிகளுக்குள்ளேயே இவ்விராகத்தின் பெயர் அமைந்துள்ளது.

அச்சில் வந்த வரலாறு

தீட்சிதரின் பாடல்கள் நீண்ட காலம் சீடர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் நினைவிலேயே வாழ்ந்தன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவை இசைஞராக விளங்கினார். ஐரோப்பிய வயலினைக் கருநாடக இசைக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரும் இவரே. இவருடைய மகள் வழிப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) அவரிடம் இசை பயின்றார்.

தென்னிந்திய இசையை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் வெளியிட முயன்ற சின்னசுவாமி முதலியார், சுப்பராம தீட்சிதர் தாம் அறிந்தவற்றை அச்சிட வேண்டும் எனத் தூண்டினார். எட்டயபுரம் அரசரின் ஆதரவுடன் 1904 ஆம் ஆண்டில் "சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி" எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. 72 மேளங்களின் வரிசையில் இராக இலக்கணங்களும், தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும் சுரக்குறிப்புடன் அதில் இடம்பெற்றன. "ஸ்ரீநாதாதி" அவற்றுள் ஒன்று. தமிழ் எழுத்திலான பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டது.

சுரக்குறிப்பின் இயல்பு

ஸ, ரி, க, ம என்னும் எழுத்துகள் மட்டும் கருநாடக இசையைக் காட்டப் போதா. ஒரு சுரத்தை அசைப்பதா, வழுக்கிச் செல்வதா, அழுத்துவதா என்பதே இராகத்திற்கு உயிர் தருகிறது. எனவே கம்பிதம், ஜாரு, நொக்கு முதலிய கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் இந்நூலில் கையாளப்பட்டன.

மேலைநாட்டு இசையுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தீட்சிதரின் காலத்தவரான பிரான்ஸ் சூபர்ட் தம் இறுதி நால்வர் நரம்பிசைப் படைப்பை 1826 இல் எழுதினார். 1828 இல் இறந்தார். அப்படைப்பு 1851 இல்தான் அச்சேறியது. எனினும் அச்சிட்டோர்க்கு அவர் எழுதிய மூலம் ஆதாரமாக இருந்தது. தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகளுக்குப் பின் வந்த நூலுக்கோ கற்றோரின் நினைவும் குடும்ப மரபுமே முதன்மை ஆதாரங்கள்.

இதனால் எது மூலவடிவம் என்னும் கேள்வி இன்றும் நிலவுகிறது. எடுத்துக்காட்டாக, எட்டாம் பாடலின் இராகத்தைத் தீட்சிதர் மரபு தேவக்கிரியா என அழைக்கிறது. இன்றைய மேடைகளில் அது சுத்த சாவேரி எனப்படுகிறது. பெயர் மாறியது எங்கே என ஆராய விழைவோர்க்கு 1904 ஆம் ஆண்டு நூலே முதன்மைச் சான்றாகிறது. ஆயினும் கமகக் குறியீட்டை ஒலியாக்க ஆசிரியரின் குரல் வேண்டும். அச்சுப் பிரதியும் வாய்மொழி மரபும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இப்பாடல்களைக் காத்து வருகின்றன.