உங்களுக்குத் தெரியுமா? சாட்சி சொன்ன ஊர்

இடிந்த சுவர்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்துப் போர்க்களக் குற்றங்களை நிரூபிக்கிறது, லண்டனில் 2010இல் தொடங்கிய ‘ஃபாரன்சிக் ஆர்கிடெக்சர்’ ஆய்வுக்குழு. இடமும் சாட்சிதான் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியே போதும்.

1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் இந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், கிணற்று நீரைப் பாழாக்கினர். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடுகளை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2023 மார்ச்சில் ஊருக்கே வந்து சம்பவ இடங்களைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். நம் நீதித்துறையில் அரிதாகக் காணும் அக்கறை இது! அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார்.