முகவரி இல்லாத சிப்பாய்க்குத் தொலைமருத்துவம் எட்டுமா?

மூலக்குளத்தில் நாங்கள் நடத்தும் சட்ட உதவி முகாமுக்கு முன்னாள் சிப்பாய் ஒருவர் வந்தார். பதினேழு ஆண்டுகள் படையில் இருந்தவர். ஓய்வூதியம் உண்டு, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் அட்டையும் உண்டு. இல்லாதது வீடு மட்டுமே. வாய்க்கால் புறம்போக்கில் இருந்த குடிசை அகற்றப்பட்ட பிறகு, மகள் வீட்டில் சில மாதம், தம்பி வீட்டுத் திண்ணையில் சில மாதம் என்று நாள்கள் கழிகின்றன. சர்க்கரை நோய்க்கான மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. "போனிலேயே டாக்டரைப் பார்க்கலாமே" என்று யாரோ அறிவுரை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்த போன் மருமகனுடையது. மருமகன் காலையில் வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும்.

இவரைத் தனிப்பட்ட துரதிர்ஷ்டசாலியாகப் பார்ப்பது எளிது. ஆனால் இத்திட்டங்களை வகுத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த மனிதருக்கு ஒரு நிலையான முகவரியும், சொந்த எண்ணும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் இருந்தன. சாதி இம்மூன்றையும் சமமாகப் பங்கிட்டுத் தரவில்லை.

இருக்கும் சேவைகள்

படைத்துறையினருக்கென்றே 'செஹத்' என்னும் தொலை ஆலோசனைச் சேவை 2021 மே 27 அன்று தொடங்கப்பட்டது. பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இணையம் வழியாக மருத்துவரிடம் பேசலாம். பொதுமக்களுக்கான இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை, பொதுமுடக்கக் காலமான 2020 ஏப்ரலில் வந்தது. மனநலத்துக்கு 'டெலி மானஸ்'. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. சாதாரண பட்டன் போனிலிருந்தே இந்த எண்ணை அழைக்கலாம் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனைய இரண்டுக்கும் திறன்பேசியும் இணையமும் வேண்டும்.

ஈ.சி.எச்.எஸ். திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் சேர முன்னாள் படைவீரர் என்ற தகுதி மட்டும் போதாது. ஓய்வூதியமும் பெறுபவராக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி தேவை. அதற்கு முன்பே வெளியேறியவர் பெரும்பாலும் இத்திட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்த வரிசையை இன்னும் நீளமாக்கப்போகிறது. நான்காண்டுப் பணி முடித்து வெளியேறும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈ.சி.எச்.எஸ். உரிமையும் இல்லை. கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பும் இருபத்தைந்து வயது இளைஞரை எந்த மருத்துவப் பதிவேடும் முன்னாள் படைவீரர் என்று கணக்கில் கொள்ளாது.

பங்களிப்பு கேட்பதே தவறு என்று முன்னாள் படைவீரர் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பங்களிப்புத் திட்டம் அரசமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. எனவே 'நாட்டுக்கு உழைத்தார், ஆகவே இலவசம்' என்ற வாதம் நீதிமன்றத்தில் நெடுந்தூரம் செல்லாது. நாம் வேறு வழியாகத்தான் போக வேண்டும்.

சேரியும் படையும்

தலித் மக்களுக்கும் படைக்கும் உள்ள உறவு நெடியது. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பறையர்கள் பெருமளவில் பணிபுரிந்தார்கள். மகார்களின் ஆள்சேர்ப்பை ஆங்கில அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தியபோது, அதை எதிர்த்து மனு எழுதியவர் கோபால் பாபா வலங்கர். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். சீருடை என்பது ஊரின் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறும் வாசலாக இருந்தது. புதுச்சேரியில் இன்னொரு வாசலும் இருந்தது: பிரெஞ்சுப் படை. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களில் முன்னாள் சிப்பாய்களும் இருந்தார்கள். 'சொல்தா' வீடு என்றால் இன்றும் இவ்வூரில் தனி மரியாதை. அந்த மரியாதை பெரும்பாலும் ஓய்வூதியத்தின் அளவைப் பொறுத்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஓய்வுபெற்றுத் திரும்பும் இடம் அதே சேரிதான். பட்டா இல்லாத புறம்போக்கு, பாகம் பிரிக்கப்படாத குடிசை மனை, சாதியை விசாரித்தபின் "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்று கைவிரிக்கும் வாடகை வீட்டுக்காரர். வாடகைச் சந்தையில் சாதியும் மதமும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தை வைத்து 2015இல் ஆவணப்படுத்தினார்கள். புதுச்சேரிக்கு அந்த ஆய்வின் முடிவு புதிதல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் ஏறத்தாழ 17.7 லட்சம் பேரை வீடற்றவர் என்றது. நடைபாதையிலும் பாலத்தடியிலும் திறந்தவெளியிலும் தங்குபவர்களே அக்கணக்கில் வருகிறார்கள். உறவினர் திண்ணையில் படுப்பவரும், எப்போது இடிக்கப்படும் என்று தெரியாத குடிசையில் இருப்பவரும் அதில் இல்லை. எங்களிடம் வந்த சிப்பாயும் கணக்குப்படி வீடுள்ளவர்.

எங்கே அறுகிறது

ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் சிம் செயலிழந்து, அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். ஆதாரும் ஓய்வூதியக் கணக்கும் பழைய எண்ணோடு பிணைந்திருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் யாரோ ஒருவருடைய போனில் ஒலிக்கும். ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் 'ஸ்பர்ஷ்' அமைப்பில் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நிற்கும். வருமானம் நின்றால் ரீசார்ஜும் நிற்கும், அதோடு மருத்துவரும்.

மின்சாரம் இன்னொரு சிக்கல். பட்டா இல்லை என்று இணைப்பு மறுக்கப்படும் குடிசையில் போனை எங்கே சார்ஜ் போடுவது? இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் வழங்கும் கடமையை விதிக்கிறது. நில உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று திலீப் எதிர் சதீஷ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாணவர்கள் இவ்விரண்டையும் நகலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். மின்துறை அலுவலகத்தில் பயன்படும்.

மூன்றாவது, அந்தரங்கம். போர்முனை நினைவு தூக்கத்தைக் கெடுப்பதையும் குடி கையை மீறிப் போனதையும் ஒருவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் படிக்கும் ஒற்றை அறையிலோ தெருப் பார்க்கும் திண்ணையிலோ அதை எப்படிச் சொல்வார்? "நல்லா இருக்கேன் சார்" என்று முடித்துவிடுவார். அந்த ஆலோசனை நடந்ததாகப் பதிவேடு சொல்லும்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளைப் படித்தால் ஒன்று தெளிவாகும். நோயாளி தானே திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவை சொல்லவில்லை. காணொலி, குரல், எழுத்து ஆகிய மூன்றும் செல்லும். சுகாதாரப் பணியாளர் ஒருவர் நோயாளியின் சம்மதத்தோடு அவருக்காக மருத்துவரை அழைப்பதும் செல்லும். இ-சஞ்சீவனியின் மற்றொரு வடிவமே சுகாதார நிலையத்தில் பணியாளர் உட்கார்ந்து இணைத்துவிடும் முறைதான். அதாவது வீடில்லாதவருக்கு வீட்டுக்குப் பதிலாக அரசு ஓர் அறையைத் தர முடியும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அமெரிக்காவில் படைவீரர் நலத்துறை செய்தது இதன் நீட்சியே. இணைய இணைப்போடு கூடிய கைக்கணினிகளைத் தேவைப்படுவோருக்குக் கடனாகக் கொடுத்தது. கொரோனா காலத்தில் வீடற்ற முன்னாள் வீரர்களுக்குத் திறன்பேசி வழங்கியது. படைவீரர் சங்கக் கட்டடங்களில் கதவுடன் கூடிய ஆலோசனை அறைகளை அமைத்தது. சாதனத்தையும் அறையையும் மருத்துவத்தின் பகுதியாகவே அங்கு கருதினார்கள்.

இங்கே அதைக் கேட்பதற்கான அடிப்படை, பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பில் இருக்கிறது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டதை விசாரித்த உச்ச நீதிமன்றம், மின்னணு அணுக்கத்தை 21ஆம் உறுப்பின் உயிர்வாழும் உரிமையோடு இணைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 2016 முதல் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் ஓர் இணையப் படிவம் ஒருவரை வெளியே நிறுத்தும்போது குற்றவாளி என்று யாரைக் காட்டுவது? அந்தச் சட்டம் கதவில் நிற்கும் மனிதரைத் தேடுகிறது; ஆகவே இவ்விஷயத்தில் 21ஆம் உறுப்பே நமக்கு உறுதியான தளம்.

ஒரு எச்சரிக்கை. ஆலோசனை அறை ஊர்த்தெருச் சமுதாயக் கூடத்தில் வைக்கப்பட்டால், சேரி முதியவர் படியேறத் தயங்குவார். எந்தத் தெரு, சாவி யாரிடம், உட்கார நாற்காலி உண்டா என்பதையெல்லாம் மனுவிலேயே எழுத வேண்டும். படைவீரர் நலத்துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியவையும் சில உண்டு: பதிவு பெற்ற முன்னாள் வீரர்களில் சொந்த வீடில்லாதவர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், ஓய்வூதியம் இல்லாதவர் எத்தனை பேர். அப்படிக் கணக்கு எடுக்கப்படவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே மனுவின் முதல் இணைப்பாக வைக்கலாம்.

எங்களிடம் வந்தவருக்கு அன்று மாத்திரையை நேரில் போய்த்தான் வாங்கித் தந்தோம். ஆதாரில் எண்ணை மாற்றக் கைரேகை வைக்கச் சென்றோம். இரண்டாம் முறைதான் ரேகை பதிந்தது. அடுத்த தொலை ஆலோசனை எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் நடந்தது. போனைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்தோம். பத்து நிமிடம் ஆகும் என்று நினைத்தோம். நாற்பது நிமிடம் பேசினார்.