மலைநாட்டு இல்லறமும் வரவு செலவும்

திருக்குறளில் 48 ஆம் அதிகாரம் வலியறிதல் எனப்படும். பகைமேற் செல்லும் வேந்தன் தன் வலியையும் மாற்றான் வலியையும் அளந்தறிதல் வேண்டும் என்பது அதன் பொருள். வரவு செலவின் அளவையும் வள்ளுவனார் அவ்வதிகாரத்திலேயே வைத்துப் பேசினார். பொருளின் அளவறிதலும் ஒருவகை வலியறிதலே என்பது இதனால் விளங்கும். இக்கருத்தை நம் நீலகிரிக் குடும்பங்களின் நிலையோடு பொருத்திச் சிறிது ஆராய்வோம்.

நம் மலையில் வரவு ஒருபடித்தாய் வருவதில்லை. சிறு தேயிலை விவசாயிக்கு மழையும் வெயிலும் மாறிவரும் மாதங்களிற் கொழுந்து பெருகும். டிசம்பர், ஜனவரி உறைபனியிற் செடி கருகும். விலையும் நிலையன்று. 1990களின் இறுதியிற் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது, நல்ல ஆண்டுகளின் வரவை நம்பிச் செலவை விரித்த குடும்பங்கள் பட்ட துன்பத்தை முதியோர் இன்றும் கூறுவர். ஏறிய வரவு இறங்கிற்று; ஏறிய செலவோ இறங்க மறுத்தது. ஆகவே, மாதந்தோறும் தவறாது கொடுத்துத் தீரவேண்டிய செலவுகளை ஆண்டின் சராசரி வரவுக்கு அமைத்தல் பிழை. பனிக்கால வரவுக்கு அமைப்பதே முறை. இதனை முதல் விதியாகக் கொள்க.

இனி வீண்செலவைக் கண்டறிதல் எங்ஙனம்? திருமணம், நோய் முதலிய பெருஞ்செலவுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். சிறியதாய் நாள்தோறும் திரும்பத் திரும்ப வருவதே கண்ணுக்குத் தப்புவது. அதனைப் பிடிக்கும் வழி ஒன்றுண்டு. மூன்று மாதம் ஒரு குறிப்பேட்டில் அன்றன்றைச் செலவை எழுதுக. பின்னர் நாட்செலவை 365 ஆலும், மாதச் செலவை 12 ஆலும் பெருக்குக. கடைத்தெருவிற் குடிக்கும் தேநீருக்கும் வடைக்கும் நாளொன்றுக்கு 30 ரூபாய் எனின் அற்பமாய்த் தோன்றும். ஆண்டிற்கு அது 10,950 ரூபாய். தேயிலை விளைவிப்பவனே தேநீருக்கு இவ்வளவு கொடுக்கின்றான் என்பது நகைப்பிற்குரியதன்றோ! செல்பேசிக்கு 28 நாட்களுக்கொருமுறை கட்டும் பணத்தை நாம் மாதக் கட்டணம் என்கிறோம். ஆண்டுக்கு அது 12 முறையன்று, 13 முறை. கைப்பேசியிலேயே படம் பார்க்கும் வீட்டில், எவரும் பாராத தொலைக்காட்சி இணைப்பிற்கும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

மலைநாட்டிற்கே உரிய செலவு எரிபொருட் செலவாகும். கடல்மட்டத்தில் 100 பாகை வெப்பத்திற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆதலாற் பருப்பும் அரிசியும் வேகத் தாமதமாகும். அடுப்பைப் பெருக்கி எரிப்பதனாற் பயனில்லை. கொதிக்கும் நீரின் சூடு ஏறாது, ஆவியே மிகுந்து போகும். பருப்பை இரவே ஊறவைத்தலும், ஆவியை அடக்கி 100 பாகைக்கு மேலும் சூட்டை ஏற்றும் குக்கரிற் சமைத்தலும், ஆவி கண்டபின் அடுப்பைத் தணித்தலும் இங்கே இன்றியமையாதன.

வெந்நீரும் அவ்வாறே. நால்வருள்ள வீட்டில் ஆளுக்கு 20 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்கு மின்சாரத்தாற் சுடவைப்பின், இரு மாதத்திற்கு ஏறக்குறைய 140 யூனிட்டு வேண்டும். 2016 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வீடுகளுக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டு இக்குளியல் ஒன்றிற்கே போதாது. இது தேவையான செலவு, பழித்தல் தகாது. எவரும் குளியாத நேரத்திலும் தொட்டியைச் சுடவிட்டு வைப்பதே விரயம். மேலும், இருமாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மாத்திரமன்றி முன்னவற்றுட் சிலவற்றிற்கும் கட்டண விகிதம் உயரும். எல்லையருகே நிற்கும் வீடு சில யூனிட்டுகளைக் குறைத்து மிகுந்த பொருளைக் காத்துக்கொள்ளலாம்.

வீண்செலவுகளிற் கொடியது வட்டி. நூற்றுக்கு மூன்று ரூபாய் மாதவட்டி என்பது கேட்க இனிது. ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. பதினாயிரம் கடன் கொண்டவன் 34 மாதத்தில் 10,200 ரூபாய் வட்டியாய்க் கொடுத்திருப்பான். முதலோ அப்படியே நிற்கும். தோட்டத் தொழிலாளர் தீபாவளிக்கு முன் பெறும் போனஸ் தொகையிற் பாதியையேனும் இம்முதலை அடைக்கப் பயன்படுத்துவராயின், அதுவே அவர் வாங்கும் சிறந்த தீபாவளிப் பட்டாகும். மதுவிற்குச் செலவிடும் பொருளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறிப்பேட்டில் அதனை ஒளியாது எழுதி ஆண்டுத் தொகையைக் காண்பவர்க்கு நம் உபதேசம் மிகையே.

வீட்டிற்கு வருமுன்னரே கழிந்துவிடும் செலவும் உண்டு. உருளைக்கிழங்கு பயிரிட்டோர் முன்பணத்திற்காகத் தரகரைச் சார்ந்து, தரகிலும் கழிவிலும் பொருளிழந்தனர். 1935 இல் உதகையில் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் எழுந்ததன் நோக்கம் அவ்விழப்பைத் தடுத்தலே. ஒருவராற் குறைக்கவியலாத செலவைப் பலர் கூடிக் குறைக்கலாம் என்பது அதன் படிப்பினை.

நிற்க. சிக்கனம் வேறு, உலோபம் வேறு. செலவைக் குறைக்கப் புகுந்தவுடன் பல வீடுகளில் முதலில் குறைவது தாயின் உணவு. அடுத்தது மகளின் படிப்பு. காலை முதல் மாலை வரை குளிரிலும் மழையிலும் கொழுந்து கிள்ளும் பெண்ணின் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, ஆடவரின் புகைச்சுருளைத் தொடாது விடுதல் சிக்கனமன்று; அநீதி. கம்பளியும் மருந்தும் கல்விக் கட்டணமும் வெட்டத்தக்கனவல்ல. அவற்றைக் காத்தற்பொருட்டே ஏனையவற்றை வெட்டுகிறோம். ஆதலின் கணக்கேடு தந்தையின் பெட்டியில் பூட்டியிருத்தல் கூடாது. வாரமொருமுறை விளக்கடியில் வீட்டார் அனைவரும் கூடி அதனை வாசித்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் கலாசாலையிற் பயில்வோருட் பலர், தம் குடும்பத்தில் முதன்முதற் கலாசாலைப் படியேறியவர். அக்கட்டணம் எத்துணைச் சிறு செலவுகளைத் தாய் துறந்ததனால் வந்ததென்று அவர் அறிவர். இவ்விடுமுறையில் வீடு செல்லுங்கால் ஒரு குறிப்பேடு வாங்கிச் செல்க. அதன் முதற் பக்கத்தில் பிறர் செலவை எழுதாது, நம் செலவையே எழுதித் தொடங்குவோமாக.