திரைக்கு வெளியே போகும் சுட்டி

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையை நெருங்கியபோது ராடர் அவற்றை முன்கூட்டியே கண்டுகொண்டது. சீனன்குடாவிலிருந்து ஹரிகேன் போர் விமானங்கள் எழும்பிவிட்டன. இத்தகைய ராடரின் திரையில் ஓடும் புள்ளியைக் கையால் பின்தொடர வழி தேடியதில்தான் 1946இல் பிரித்தானியக் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் உருளும் பந்துக் கருவியை வடிவமைத்தார். இன்றைய மவுஸுக்கு அது மூத்த உறவு.

கணினியைப் பொறுத்தவரை, மவுஸ் நகர்த்தும் சுட்டி இரண்டே எண்கள்தான்: இடமிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால், 1920க்கு 1080 திரையின் கடைசிப் புள்ளி 1919, 1079. மனிதக் கை இந்த எல்லையைத் தாண்டாது. ஆனால் நூறு படிவங்களை நிரப்பும் வேலையை ஒரு நிரலிடம் விட்டால், அது 2500 என்றும் கேட்கும், -5 என்றும் கேட்கும்.

அப்போது என்ன நடக்கும்? ஒற்றைத் திரையுள்ள விண்டோஸ் கணினியில் -5, -5 என்று கேட்டால் சுட்டி 0, 0 மூலையில் போய் நிற்கும். பைதன் நிரல் மொழியில் பலரும் பயன்படுத்தும் பைஆட்டோகுய் நிரலகத்துக்கு அந்த மூலையும் ஓர் அவசர நிறுத்தம்! நிரல் கட்டுமீறி ஓடினால் நாம் மவுஸை மூலைக்குத் தள்ளி நிறுத்தலாம் என்ற நல்ல ஏற்பாடு அது. பிழையான எண்ணால் சுட்டி தானே அங்கு போய்விட்டால், அடுத்த கட்டளையில் வேலை பாதியில் நின்றுவிடும். எழுதியவருக்குக் காரணம் உடனே புரியாமல் போகலாம்.

மறை எண் எப்போதும் பிழையும் அல்ல. விண்டோஸில் பிரதான திரைக்கு இடப்பக்கம் இன்னொரு திரையை வைத்தால், அங்குள்ள புள்ளிகளுக்கு மறை எண்கள்தான் முறையான முகவரி. லினக்ஸின் பழைய எக்ஸ் முறையில் எல்லாத் திரைகளும் சேர்ந்து ஒரே பலகை. இடது கோடியே 0. புதிய வேலண்ட் முறையோ, சுட்டி எங்கே நிற்கிறது என்று கேட்கவே சாதாரண நிரலை விடாது. மேக்கில் இயங்குதளத்தின் ஒரு பகுதி மேலிருந்து எண்ணும், இன்னொன்று கீழிருந்து. அதன் ரெட்டினா திரையில் எடுத்த படத்தில் 1600இல் தெரியும் பொத்தானை 800இல்தான் சொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே 0க்குக் குறைந்தால் தவறு என்று நிரலில் எழுதிவைப்பது சரியாகாது. எல்லாத் திரைகளின் எல்லைகளையும் முதலில் இயங்குதளத்திடம் கேளுங்கள். கிடைத்த எண்களோடு ஒப்பிட்ட பிறகே சுட்டியை நகர்த்துங்கள். தொல்லை என்று நினைத்து மூலை நிறுத்தத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.