அறிவிப்புக்கும் கைக்கும் நடுவே

புது கேமரா 'வந்தாச்சு'ன்னு செய்தி படிக்கிற நாளுக்கும் அது நம்ம கைக்கு வர்ற நாளுக்கும் நடுவில் என்னதான் நடக்குது? ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமராவுக்காக ஐந்து மாசத்துக்கு மேல காத்திருந்து, போன வாரம்தான் வாங்கினேன். (ஆறு என்பதை ரோமன் எண்ணில் போட்டிருக்காங்க. நான் 'எக்ஸ்100 சிக்ஸ்' என்றே எழுதுகிறேன்.) காத்திருந்த நாட்களில் இந்த வரிசையின் பழைய கதையைத் தேடித்தேடிப் படித்தேன். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு அது பயன்படும்.

முதலில் இது என்ன கேமரா என்று சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் கழற்ற முடியாது. 23 மி.மீ., எஃப்2 லென்ஸ் ஒன்று, உடம்போடு ஒட்டியே இருக்கும். ஃபிலிம் காலத்து அளவில் சொன்னால் 35 மி.மீ. பார்வை. ஜூம் கிடையாது, கிட்டப் போகணும்னா நடக்கணும். 2010-ல் இருந்து இன்றுவரை இந்த அடிப்படையை அவங்க மாற்றவே இல்லை.

முதல் எக்ஸ்100-ஐ அறிவித்தது 2010 செப்டம்பரில், ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியை ஒட்டி. பார்த்தவங்க எல்லாரும் மயங்கிட்டாங்க. மேலே ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், லென்ஸைச் சுற்றி அபர்ச்சர் வளையம், அப்பா காலத்து கேமரா மாதிரியே தோற்றம். ஆனால் கடைக்கு வர அரை வருஷம் ஆனது. 2011 மார்ச் தொடக்கத்தில் ஜப்பானில் விற்பனை ஆரம்பித்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 11 அன்று பெரும் பூகம்பமும் சுனாமியும். இந்தக் கேமராவைத் தயாரித்த தொழிற்சாலை இருந்தது மியாகி மாகாணத்தில், செண்டாய் பக்கத்து தைவா என்ற ஊரில். பூகம்பம் மிக மோசமாகத் தாக்கிய பகுதி அது. உற்பத்தி நின்றது. மாத இறுதியில் மறுபடி தொடங்கினாலும் உதிரிபாகம் கிடைப்பது இழுபறிதான். உலகம் முழுக்க முன்பதிவு செய்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். 1,199 டாலர் கேமராவை அதற்கு மேல் கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தது.

அந்த நேரத்தில் வேற ஒரு தொழிற்சாலையில் செய்து கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். இதில் இருக்கும் சில பாகங்கள் அப்படிப்பட்டவை இல்லை. லென்ஸின் கடைசிக் கண்ணாடி சென்சாருக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கிறது, அதனால் ஓரங்களில் ஒளி சாய்வாக விழும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப சென்சார் மேலே இருக்கிற நுண்லென்ஸ்களையே மாற்றி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸும் அந்த சென்சாரும் ஒன்றுக்காக ஒன்று செய்தவை. வ்யூஃபைண்டர் இன்னொரு வேலைப்பாடு. கண்ணாடி வழியாக வெளியே நேரடியாகப் பார்க்கலாம், அந்தக் காட்சியின் மேலேயே ஷட்டர் வேகம், சட்டகக் கோடுகள் எல்லாம் மிதக்கும். முன்பக்கம் இருக்கிற சின்ன லீவரைத் தள்ளினால் உள்ளே ஒரு திரை விழுந்து, அதுவே எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டராக மாறிவிடும். பெருவாரியாக விற்கிற மற்ற மாடல்களில் இது இல்லை. அங்கேயிருந்து பாகத்தை எடுத்து இங்கே பொருத்த வழி கிடையாது.

சரி, கைக்கு வந்த பிறகு? அந்த முதல் கேமரா மெதுவாக ஃபோகஸ் செய்தது. மெனு குழப்பம். கையால் ஃபோகஸ் செய்ய வளையத்தைச் சுத்து சுத்துன்னு சுத்தணும். அன்றைய விமர்சனங்களைப் படித்தால் காதலும் எரிச்சலும் ஒரே பத்தியில் இருக்கும். ஃபர்ம்வேர் திருத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், 2013 ஜனவரியில் அடுத்த மாடலான எக்ஸ்100எஸ்-ஐ அறிவித்துவிட்ட பிறகும், அந்த வருஷம் அக்டோபரில் பழைய கேமராவுக்கு 2.00 என்ற பெரிய ஃபர்ம்வேரை இலவசமாகக் கொடுத்தார்கள். ஃபோகஸ் வேகம் கூடியது, ஃபோகஸ் பீக்கிங் வந்தது. நான் பழைய எக்ஸ்100-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கினது அதற்கும் பிறகு, சல்லிசான விலையில். 2011-ல் வரிசையில் நின்று வாங்கியவர்களைவிட நல்ல கேமரா எனக்குக் கிடைத்தது என்றுதான் சொல்லணும்.

இப்போ 2024-க்கு வருவோம். இந்த முறை தாமதத்துக்கு இயற்கை காரணம் இல்லை. ஐந்தாவது மாடலான எக்ஸ்100வி 2020-ல் வந்தபோது ஓரளவு அமைதியாகத்தான் விற்றது. 2022 வாக்கில் டிக்டாக்கில் சின்னப் பசங்க கண்ணில் பட்டது. கேமராவிலிருந்தே ஃபிலிம் நிறத்தோடு வரும் ஜேபெக், எடிட் செய்ய வேண்டாம், கழுத்தில் மாட்டினால் அழகு. 1,399 டாலர் கேமரா பழைய சரக்காக அதைவிட அதிக விலைக்குப் போனது. அதனால் 2024 பிப்ரவரி 20 அன்று டோக்கியோவில் எக்ஸ்100 சிக்ஸ்-ஐ அறிவித்தபோது, முந்தைய மாடல் கிடைக்காமல் ஏமாந்தவர்களும் புதிதாக ஆசைப்பட்டவர்களும் ஒரே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். விலை 1,599 டாலர். விற்பனை பிப்ரவரி 28 என்றார்கள். முந்தைய ஐந்து மாடல்களும் ஜப்பானில் தயாரானவை, இது சீனாவில். அப்படியும் போதவில்லை. கம்பெனி 1934-ல் தொடங்கியதால் 1,934 கேமரா மட்டும் ஒரு சிறப்புப் பதிப்பு வேற. அது சேகரிப்பவர்கள் சமாச்சாரம், நமக்கு வேண்டாம்.

நான் பேர் கொடுத்த கடைக்கு மாசம் ஒரு தடவை போன் பண்ணுவேன். "அண்ணே, வந்துச்சா?"

"சார், லாட்டுக்கு ரெண்டு பீஸ்தான் அனுப்புறாங்க. உங்களுக்கு முன்னாடி இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

இன்னொரு இடத்தில் உடனே தருகிறேன் என்றார்கள். விலை கூட, பில் கிடையாது, இந்திய வாரண்டி அட்டையும் கிடையாது. லென்ஸ் ஒட்டியே இருக்கிற கேமராவில் லென்ஸில் ஒன்று என்றால் மொத்தக் கேமராவுமே சர்வீஸுக்குப் போகும். வாரண்டி இல்லாமல் இதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

காத்திருக்கும்போது ஒரு வேலை செய்தேன், இதை எல்லோருக்கும் சொல்லுவேன். கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய படங்களின் எக்ஸிஃப் விவரத்தை எடுத்து, எந்தப் பார்வைக் கோணத்தில் எத்தனை படம் என்று எண்ணிப் பாருங்க. எனக்குப் பாதிக்கு மேல 35 மி.மீ. பக்கம்தான் வந்தது. ஜூம் லென்ஸை 70-லேயே வைத்திருக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கேமரா உங்களுக்கு இல்லை, வரிசையை விட்டு நிம்மதியாக வெளியே வந்துடலாம்.

அடுத்தது, புதுசில் இருப்பது நமக்கு எதுக்கு என்ற கணக்கு. நான் எடுப்பது கடைத்தெருக்களில் கையால் எழுதின பெயர்ப்பலகைகளை. கும்பகோணம், மாயவரம் பக்கம் ஒவ்வொரு தடவை போகும்போதும் இரண்டு மூன்று குறைந்திருக்கும், அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் தொங்கும். பழைய கேமராவில் 12 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 14-க்கு 9 அங்குலம், ஒரு புத்தகப் பக்கத்துக்குத் தாராளம். புதுசில் 40 மெகாபிக்சல், 25-க்கு 17 அங்குலம். பலகையில் பெயின்டர் தூரிகையை எங்கே எடுத்தார், எங்கே மறுபடி வைத்தார் என்பது வரை தெரியும். ஆசையாகத்தான் இருக்கு, ஆனால் அதுக்காக மட்டும் காத்திருக்க மாட்டேன்.

காத்திருந்தது வேற ஒன்றுக்கு. இந்த வரிசையில் முதல்முறையாக, கை நடுக்கத்தை ஈடுகட்ட சென்சாரையே நகர்த்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆறு ஸ்டாப் வரை என்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கும். 1/60 நொடியில் நடுங்காமல் எடுக்கிறவர் 1/30, 1/15 என்று இறங்கி, கணக்குப்படி ஒரு முழு நொடி வரை போகலாம். நடைமுறையில் நான் பாதியை நம்புவேன், அதுவே போதும். சாயங்காலம் கடையில் ஒரே ஒரு ட்யூப்லைட் எரியும்போது ஸ்டாண்டு போடாமல், வழியை அடைக்காமல் பலகையை எடுத்துவிடலாம். ஆனால் கடைக்காரர் கையை ஆட்டினால் அது கலங்கித்தான் விழும். இந்த ஏற்பாடு நம்ம கைக்கு மட்டும்தான் மருந்து, எதிரில் நகர்கிறவருக்கு இல்லை. விளம்பரங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

மே மாசம் ஒரு குடை ரிப்பேர் கடைப் பலகையை இறக்கப் போவதாகத் தகவல் வந்தது. பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து, 'குடை'யின் 'கு'வே விரித்த குடை மாதிரி வளைந்திருக்கும். கடையில் என் முறை வர இன்னும் பதினோரு பேர். பழைய எக்ஸ்100-ஐ எடுத்துக்கொண்டு அன்றைக்கு மதியமே போய் எடுத்தேன். நல்ல வெயில், 12 மெகாபிக்சலில் எல்லாம் கூர்மையாக வந்திருக்கிறது. அடுத்த வாரம் அங்கே சுவர்தான் இருந்தது. எந்தப் புது கேமராவுக்குக் காத்திருந்தாலும், இருக்கிறதை விற்றுவிட்டுக் காத்திருக்காதீங்க. விற்றால் வரும் காசு முன்பணத்துக்கு ஆகும் என்று தோன்றும்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவில் இருப்பதும் ஒன்றாக இருக்கணும், பில்லிலும் அதே எண் ஏறணும். முதல் எக்ஸ்100-இன் பேட்டரி இதற்குப் பொருந்தாது. எஃப் மாடலிலிருந்து வேற பேட்டரி, அதில் ஒன்று கூடுதலாக வாங்கிக்கலாம். படங்கள் ஒவ்வொன்றும் கனமானவை, பழைய மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பும். ரா கோப்பாக எடுப்பவர்கள், தங்கள் மென்பொருளின் பழைய பதிப்பு இந்தக் கேமராவின் கோப்பைத் திறக்குமா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பற்றி ஒரு வார்த்தை. மழை, தூசி தாங்கும் என்று படித்திருப்பீர்கள். லென்ஸ் முன்னால் அடாப்டர் வளையமும் அதன்மேல் 49 மி.மீ. ஃபில்டரும் போட்டால்தான் அந்த வாக்கு செல்லும். இரண்டும் பெட்டிக்குள் வராது, தனியாக வாங்கணும். ஐப்பசி மழைக்குள் இரண்டையும் வாங்கிடணும்.