சொலிசிற்றர் அலுவலகம் மூடப்பட்டால் மரண சாசனம் எங்கே?

லண்டனில் வாழும் நம்மவர்களில் பலர் மரண சாசனத்தை எழுதி, மூலப்பிரதியைச் சொலிசிற்றரிடமே விட்டுவிடுகிறார்கள். அது தேவைப்பட இருபது, முப்பது வருடங்கள் ஆகலாம். அதற்குள் அவர் ஓய்வுபெற்றிருக்கலாம், நிறுவனம் வேறொன்றுடன் இணைந்திருக்கலாம், மூடப்பட்டும் இருக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புரொபேற் எனப்படும் அனுமதியைப் பெற மூலப்பிரதி வேண்டும். போட்டோப்பிரதி சாதாரணமாகப் போதாது. எழுதியவர் தன்னிடம் வைத்திருந்த சாசனம் அவர் இறந்தபின் கிடைக்காவிட்டால், அவரே அதை அழித்துவிட்டார் என்று சட்டம் ஊகிக்கும். சொலிசிற்றரிடம் இருந்து தொலைந்தால் அந்த ஊகம் எழாது. ஆனாலும் பிரதியை நிரூபிக்கக் காலமும் பணமும் செலவாகும்.

சாசனம் இல்லையென்றானால், சொத்து சட்டம் வகுத்த வரிசைப்படியே பிரியும். பிள்ளைகள் இருந்தால் சகோதரருக்கு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு ஒரு பங்கு என்று எழுதிய வரி, அந்தத் தாளோடு போய்விடும்.

சட்டம் கற்றவருக்கே இது நடந்திருக்கிறது. பிரித்தானியாவின் லோர்ட் சான்சலராக இருந்த சென் லெனார்ட்ஸ் பிரபு 1875இல் இறந்தபோது, அவரது சாசனம் பெட்டியில் இல்லை. மகள் சார்லட் அதன் உள்ளடக்கத்தை நினைவிலிருந்து சொன்னார். 1876இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. எல்லா வீட்டிலும் அப்படியொரு மகள் இருப்பதில்லை.

நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அதன் கோப்புகளைப் பொறுப்பேற்ற நிறுவனம் எது என்று முதலில் தேடுங்கள். சொலிசிற்றர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. தலையிட்டு மூடியிருந்தால், ஆவணங்கள் அதன் முகவரிடமோ அதனிடமோ இருக்கும். அங்கே விசாரிக்கலாம்.

சாசனம் எழுதியவர் உயிரோடு இருந்தால் வேலை இன்னும் எளிது. சொலிசிற்றருக்கு இன்றே எழுதி, மூலப்பிரதி எங்கே என்று கேட்கலாம், திருப்பியும் வாங்கலாம். 20 பவுணை அண்டிய ஒருமுறைக் கட்டணத்தில் அரச புரொபேற் சேவையிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கலாம். அவர்கள் தரும் சான்றிதழை நிறைவேற்றுநரிடம் கொடுத்துவையுங்கள்.

சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.